நோய்க் குறிப்பும் ஒரு தானம்

அண்ணாமலைச் சர்வகலாசாலையைச் சார்ந்து 1985-ல் தோன்றி, ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி என்று நெடுங்காலம் வழங்கி, 2021-ல் கடலூர் ஜில்லாவின் அரசு மருத்துவக் கல்லூரியாக மாறிய சிதம்பரம் ஆஸ்பத்திரிக்கு வரும் நோயாளியின் பையைத் திறந்தால், ஓரம் கிழிந்த ஓ.பி. சீட்டும், மடிப்பில் எழுத்தழிந்த ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டும், எக்ஸ்ரே உறையும் ஒன்றாய்ச் சுருண்டு கிடக்கும். 2015-ஆம் வருஷத்து வெள்ளம்போல் ஒன்று வீட்டுக்குள் புகுந்தால் அந்தச் சரித்திரம் அத்துடன் முடிந்தது. இந்தக் காகிதக் கட்டைக் கம்ப்யூட்டரில் நிலைபெறச் செய்வதே மின்னணு மருத்துவ ஆவணம். 2021 செப்டம்பரில் தேசமெங்கும் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கத்தில் விரும்பிச் சேருவோருக்குக் கிடைக்கும் 14 இலக்க 'ஆபா' எண், பல ஆஸ்பத்திரிகளில் சிதறிய குறிப்புகளை ஒரே ஆளுக்கு உரியனவாக இணைக்கிறது.

அக்குறிப்புகளை நோயாளியே மனமுவந்து ஆராய்ச்சிக்குக் கொடுப்பதால் என்ன பிரயோஜனம்? கடலூர் சிப்காட் ரசாயனத் தொழிற்சாலைகளை அடுத்த கிராமத்தில் ஒருவருக்கு மூச்சிரைத்தால், வைத்தியர் அந்த ஒருவருக்கு மருந்து கொடுக்கலாம். ஆனால் அங்கே இரைப்பு மற்ற ஊர்களைவிட மிகுதியா, மிகுதியானால் காரணம் காற்றா, புகையிலையா, தொழிலா என்பதை ஆயிரக்கணக்கானோரின் பல வருஷத்துக் குறிப்புகளைச் சேர்த்து வைத்தன்றி நிச்சயிக்க முடியாது.

நோயாளிகளின் ஒத்துழைப்பு உலகத்துக்கே வழிகாட்டியதற்கு நம் ராஜ்யத்திலேயே சான்று உண்டு. 1956-ல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சியில், சானடோரியத்தில் தங்கியவர்களையும், வீட்டிலிருந்தபடியே மருந்துண்டவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்து, வீட்டுச் சிகிச்சையும் நிகரான பலன் தரும் என்று 1959-ல் வெளியிட்டார்கள். அன்று நோயாளிகள் நேரில் வந்து உதவினார்கள். பிரிட்டனில் 2006 முதல் 2010 வரை ஐந்து லட்சம் பேர் தங்கள் மருத்துவக் குறிப்புகளைத் தொடர்ந்து ஆராயலாம் என்று யூகே பயோபேங்க் ஸ்தாபனத்துக்குச் சம்மதம் அளித்தது அதன் அடுத்த படி.

கண்தானத்தைப் போன்றதன்று இது. கொடுத்த பின்னும் குறிப்பு நம்மிடமே இருக்கும், ஒரே குறிப்பு பலருக்கும் உதவும். ஆனால் ஆய்வாளர் கைக்குப் போய்ச் சேர்ந்ததைத் திரும்பப் பெறுவது எளிதன்று என்பதால், சம்மதத்தில்தான் விஷயத்தின் உயிர் இருக்கிறது. ஆயுஷ்மான் ஏற்பாட்டில் குறிப்பைக் கேட்பவர், எந்த நோக்கத்துக்கு, எந்தக் காலத்துக்கு என்று குறிப்பிட வேண்டும். அந்நோக்கங்களுள் நோய் ஆராய்ச்சியும் ஒன்று. கொடுத்த சம்மதத்தை ரத்து செய்யவும் வழியுண்டு. ஓ.பி. வரிசையில் நிற்கும் அவசரத்தில் பெறும் கைநாட்டு இத்தகைய சம்மதம் ஆகாது.

பெயரை நீக்கிவிட்டால் ரகசியம் காக்கப்பட்டுவிடும் என்று எண்ணுவதும் தவறு. பரங்கிப்பேட்டையை அடுத்த சிறிய மீனவக் குப்பத்தில், அபூர்வமான நோயுள்ள நாற்பது வயதுப் பெண் என்று மட்டும் எழுதினாலும், அவள் யாரென்று அவ்வூர்க் குழந்தையும் சொல்லிவிடும். 2023-ஆம் வருஷத்து டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனிமனிதரைப் பற்றிய தீர்மானத்துக்குப் பயன்படாத வரையில், நிர்ணயித்த தரங்களுக்கு உட்பட்ட ஆராய்ச்சிக்கு விலக்கு அளிக்கிறது. ஆகவே ஊர்ப் பெயரை ஜில்லாவாகவும், வயதைப் பத்தாண்டுப் பிரிவாகவும் சுருக்குவது போன்ற எச்சரிக்கைகள் ஆய்வாளரின் கடமையாகின்றன.

கேட்பவர் யார், எதற்குக் கேட்கிறார், முடிவை எங்களுக்குச் சொல்வாரா என்ற மூன்று கேள்விகளையும் கேட்கும் உரிமை கொடுப்பவருக்கு உண்டு. அவற்றுக்குப் புரியும் தமிழில் பதில் சொல்ல இயலாத ஆய்வாளர், தானம் கேட்கும் தகுதியை இன்னும் பெறவில்லை.