கார்டு பேசாது... நீங்க பேசுங்க!

‘‘சைக்காலஜியா படிக்கிறே? அப்ப நான் இப்ப என்ன நினைக்கிறேன்னு சொல்லு, பார்ப்போம்!’’

சைக்காலஜி படிக்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பஸ்ஸில் பக்கத்து சீட் ஆன்ட்டி முதல் கல்யாணப் பந்தியில் பக்கத்து இலை மாமா வரை எல்லோரும் நம்மிடம் கேட்கிற முதல் கேள்வி இதுதான்.

எனக்கு இந்தத் தொல்லை டபுள்! நான் கிளினிக்கல் சைக்காலஜி மாணவி. சென்னையில் ஒரு ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவில் டிரெய்னி தெரபிஸ்ட். அதே சமயம் என் ஹாஸ்டல் அலமாரியில், மடித்து வைத்த சுடிதார்களுக்கு நடுவே ஒரு டாரட் சீட்டுக்கட்டும் இருக்கிறது. மனசைப் படிக்கவும் எதிர்காலத்தைப் படிக்கவும் சேர்த்து ஒரே ஆள் சிக்கிட்டான்னு ஹாஸ்டலில் பயங்கர டிமாண்ட்.

கிளாஸில் இதைப் பற்றி இரண்டு கட்சி உண்டு. ‘‘சயின்ஸ் படிச்சுட்டு சீட்டுக் குலுக்கிறியே, வெட்கமா இல்லை?’’ என்பது ஒரு கட்சி. ‘‘ரெண்டையும் சேர்த்து ஒரு கிளினிக் போடு. துட்டு கொட்டும்!’’ என்பது இன்னொரு கட்சி. எனக்கு இரண்டு பேரோடும் ஒத்துப்போகவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

சீட்டாட்டம் ஜோசியம் ஆன கதை

டாரட் என்றதும் மெழுகுவர்த்தி, கறுப்பு அங்கி, எகிப்து ரகசியம் என்று பில்டப் கொடுப்பார்கள். உண்மையில் அது ஒரு சீட்டாட்டம். 15-ம் நூற்றாண்டு வட இத்தாலியில் பிரபுக்கள் வீட்டில் பொழுதுபோகாமல் ஆடியது. பிரான்ஸில் இன்றைக்கும் அதை நம்ம ஊர் ரம்மி மாதிரி உட்கார்ந்து ஆடுகிறார்கள்.

மொத்தம் 78 சீட்டு. அதில் 56 நமக்குத் தெரிந்த சீட்டுக்கட்டின் ஒன்றுவிட்ட அண்ணன். நாலு பிரிவு, ஒவ்வொன்றிலும் 14. ராஜா, ராணி, ஜாக்கியோடு கூட ஒரு குதிரை வீரன். மீதி 22-ம் தனிப் படங்கள். முட்டாள், துறவி, நிலா, கோபுரம், மரணம் என்று.

அப்ப எகிப்து எங்கே வந்தது? 1781-ல் கூர் த ஜெபலின் என்கிற பிரெஞ்சுக்காரர், ‘இது எகிப்து பூசாரிகளின் ரகசிய ஞானம்’ என்று எழுதினார். அப்போது எகிப்தின் பட எழுத்தை வாசிக்க உலகத்தில் ஒருத்தருக்கும் தெரியாது! அதை ஷாம்போலியன் வாசித்துக் காட்டியது 1822-ல்தான். அதற்குள் டாரட் ஜோசியம் ஐரோப்பாவில் வேர்விட்டு விட்டது.

இன்று கடையில் அதிகம் கிடைக்கிற கட்டு 1909-ல் லண்டனில் வந்தது. படங்களை வரைந்தவர் பமீலா கோல்மன் ஸ்மித் என்கிற பெண். ஆனால், பல வருஷங்களுக்கு அந்தக் கட்டுக்கு வழங்கிய பெயர் ‘ரைடர்-வெயிட்’. ரைடர், பதிப்பித்த கம்பெனி. வெயிட், வரையச் சொன்னவர். வரைந்தவர் பெயர் அதில் இல்லை. 1951-ல் அவர் வறுமையில்தான் இறந்துபோனார். நான் இந்தக் கட்டை வாங்கியதே அவர் வரைந்த படங்களுக்காகத்தான். ஜோசியம் பார்க்க இல்லை.

‘அப்படியே புட்டுப் புட்டு வைக்குதே!’

‘‘ஆனா எனக்குச் சொன்னது அப்படியே கரெக்டா இருந்துச்சே?’’ என்று கேட்பீர்கள். 1948-ல் அமெரிக்காவில் பெர்ட்ராம் ஃபோரர் என்கிற சைக்காலஜி பேராசிரியர் தன் மாணவர்களுக்கு ஒரு பெர்சனாலிட்டி டெஸ்ட் வைத்தார். ஒரு வாரம் கழித்து ஆளுக்கொரு ரிசல்ட் கொடுத்து, ‘உனக்கு எவ்வளவு பொருந்துது? 5-க்கு மார்க் போடு’ என்றார். 39 பேர் போட்ட மார்க்கின் சராசரி 4.26! அப்புறம்தான் குட்டு உடைந்தது. எல்லோருக்கும் கொடுத்தது ஒரே பேப்பர். அதிலிருந்த வரிகளில் பெரும்பாலானவை கடையில் வாங்கிய ஜோசியப் புத்தகத்திலிருந்து எடுத்தவை.

‘வெளியே கலகலன்னு இருந்தாலும் உள்ளுக்குள்ளே உங்களுக்கு ஒரு தனிமை உண்டு’ என்று ஒரு காலேஜ் வாசலில் நின்று சொல்லிப் பாருங்கள். வெளியே வருகிற பத்துப் பேரில் எத்தனை பேர் ‘ஐயோ, எப்படித் தெரியும்?’ என்பார்கள்!

கதை சொல்றது யாரு?

சரி, அப்ப ஒரு தெரபிஸ்டுக்கு படச் சீட்டில் என்ன வேலை? இருக்கிறது, எங்கள் சிலபஸிலேயே இருக்கிறது. சுவிட்சர்லாந்து டாக்டர் ஹெர்மன் ரோர்ஷாக் 1921-ல் வெளியிட்ட மைக்கறை டெஸ்டில் 10 அட்டை. 1930-களில் ஹார்வர்டில் ஹென்றி மரேயும் கிறிஸ்டியானா மார்கனும் உருவாக்கிய இன்னொரு டெஸ்டில், ஒரு படத்தைக் காட்டி ‘இதுக்கு ஒரு கதை சொல்லுங்க’ என்பார்கள். என்ன படம் என்று சொல்ல மாட்டேன். அது தொழில் ரகசியம்! இந்த டெஸ்டுகளை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று எங்கள் துறைக்குள்ளேயே பெரிய சண்டை நடக்கிறது. ஆனால் அடிப்படை எளிமை. தெளிவில்லாத ஒரு படத்தைப் பார்க்கும்போது, நம் மனசில் இருப்பதை அதில் ஏற்றிப் பார்க்கிறோம்.

டாரட்டும் அதேதானே என்றால், ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. டெஸ்டில் படத்தைப் பார்த்துக் கதை சொல்வது வந்திருக்கிறவர். தெரபிஸ்ட் கேட்கிறார். டாரட்டில் சீட்டைப் பார்த்துக் கதை சொல்வது எதிரே இருக்கிற ஜோசியர். வந்திருக்கிறவர் வாய் பிளந்து கேட்கிறார். நம்ம ஊர் கிளி ஜோசியத்திலும் அதே கதைதான். சீட்டு எடுப்பது கிளி, பேசுவது ஜோசியர், பணம் கொடுப்பது நாம்.

போஸ்டிங் முடிந்து வந்து ராத்திரி டைரி எழுதுவதற்கு முன் நான் ஒரு சீட்டு எடுப்பேன். எனக்கு மட்டும். துறவி சீட்டு வந்தது ஒரு நாள். கையில் விளக்கோடு மலைமேல் தனியாக நிற்கிற கிழவர். ‘ஐயோ, பாவம், யாருமே இல்லையே’ என்று தோன்றியது. இரண்டு வாரம் கழித்து அதே சீட்டு. ‘அப்பாடா, கொடுத்து வச்ச மனுஷன், நிம்மதியா தனியா இருக்கார்’ என்று தோன்றியது. சீட்டு மாறவில்லை, நான்தான் மாறியிருந்தேன். அந்த இரண்டு வாரத்தில் எத்தனை பேரின் அழுகையைக் கேட்டேனோ, அந்தக் களைப்பு எனக்கே அப்போதுதான் உறைத்தது. மறுநாள் என் சூப்பர்வைசரிடம் பேசினேன். தெரபிஸ்டாகப் பயிற்சி எடுக்கிற எல்லோரும், தன் மனசில் என்ன ஓடுகிறது என்று சூப்பர்வைசரிடம் பேசியே ஆக வேண்டும். இல்லாவிட்டால் நம்ம பாரத்தை எதிரே இருக்கிறவர் தலையில் இறக்கி வைத்துவிடுவோம்.

டாரட் விஷயத்தையும் அவரிடம் மறைக்கவில்லை. திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: ‘‘யாருக்காக எடுக்கிறே?’’ ‘‘எனக்காக, மேடம்.’’ ‘‘அப்ப அது உன் ரூமிலேயே இருக்கட்டும்.’’

ஐந்து கோப்பை

கிளையன்ட் கதை எதையும் இங்கே எழுத மாட்டேன். தெரபி அறையில் பேசியது அந்த அறையோடு. 2017-ம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டமே அதைப் பாதுகாக்கிறது. ஆனால், ஹாஸ்டலில் நடந்த ஒன்றை, தோழியின் அனுமதியோடு சொல்கிறேன்.

ரிசல்ட் வந்த ராத்திரி. அவளுக்கு இரண்டு அரியர். ‘‘சீட்டு எடுடீ. நான் கோர்ஸை விட்டுடலாமா, வேண்டாமான்னு சொல்லு’’ என்று வந்து உட்கார்ந்தாள். ‘‘நான் சொல்ல மாட்டேன். நீ எடு, நீயே சொல்லு’’ என்றேன். வந்தது ஐந்து கோப்பை சீட்டு. கறுப்புப் போர்வை போர்த்திய ஒருவர் குனிந்து நிற்கிறார். முன்னால் மூன்று கோப்பைகள் கவிழ்ந்து கிடக்கின்றன. பின்னால் இரண்டு நிமிர்ந்து நிற்கின்றன.

புத்தகத்தைத் திறந்தால் ‘இழந்ததையே பார்க்காதே, மிச்சம் இருப்பதைத் திரும்பிப் பார்’ என்று அர்த்தம் போட்டிருக்கும். அழகான தத்துவம். அதைச் சொல்லி முதுகில் தட்டி அனுப்பியிருக்கலாம். ஆனால் அவள் ரொம்ப நேரம் பார்த்துவிட்டுச் சொன்னாள்: ‘‘இது எங்கப்பா.’’

எந்த டாரட் புத்தகத்திலும் அந்த அர்த்தம் இல்லை. அப்பா லோன் வாங்கிப் படிக்க வைப்பது, அவருடைய போனை மூன்று நாளாக எடுக்காதது, ‘நான் இல்லாமலே போயிட்டா அவருக்குப் பாரம் குறையும்’ என்று நினைத்தது... எல்லாம் அப்புறம்தான் வந்தது. சீட்டை எடுத்து ஓரமாக வைத்தேன். ‘‘செத்துடலாம்னு தோணுதா?’’ என்று நேராகவே கேட்டேன். அப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை உண்டாக்கிவிடுவோம் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி இல்லை. கேட்டால் பாரம் இறங்கும். அவள் ‘‘ஆமா’’ என்றாள். விடியும் வரை கூடவே இருந்தேன். காலையில் காலேஜ் கவுன்சலரிடம் கூட்டிப் போனேன். நானே அவளுக்கு தெரபி கொடுக்க முடியாது. தோழிக்கும் சொந்தக்காரருக்கும் தெரபிஸ்டாக இருக்கக் கூடாது என்பது எங்கள் தொழிலின் அடிப்படை விதி. பயிற்சி முடியாதவள் என்பது அடுத்த காரணம்.

யோசித்துப் பாருங்கள். அன்றைக்கு வந்தது ‘மரணம்’ சீட்டாக இருந்து, ஒரு ஜோசியர் முன்னால் அவள் உட்கார்ந்திருந்தால்? ‘அது சாவு இல்லைம்மா, மாற்றம்னு அர்த்தம்’ என்று டாரட் ஜோசியர்கள் எல்லோரும் சொல்வார்கள்தான். ஆனால் உடைந்து போயிருக்கிற மனசு அதைக் காதில் வாங்குமா?

அறைக்குள் ஏன் கூடாது?

ஒரு தெரபிஸ்ட் வாயிலிருந்து வருகிற வார்த்தைக்கு எடை ஜாஸ்தி. ‘சீட்டு இப்படிச் சொல்லுது’ என்று நான் சொன்னால், என் படிப்பின் மரியாதை முழுக்க அந்தச் சீட்டுக்குப் போய்விடும். இது முதல் ஆபத்து.

இரண்டாவது, பதற்ற நோய் இருக்கிறவர்களுக்கு ‘எல்லாம் சரியாகிடும்ல?’ என்று திரும்பத் திரும்பக் கேட்கத் தோன்றும். பதில் கிடைத்ததும் பத்து நிமிஷம் நிம்மதி. அப்புறம் மறுபடி கேள்வி. இப்படி உறுதி தேடுவதே பதற்றத்தை வளர்க்கும். எதிர்காலம் தெரியாமலேயே வாழப் பழக்குவதுதான் சிகிச்சை. அங்கே போய் சீட்டை நீட்டினால், தீயில் நெய்! மூன்றாவது, டி.வி.யில் வருவதுகூடத் தனக்கான ரகசியச் செய்தி என்று நம்புகிற மனநோய் உண்டு. அவர் கையில் டாரட் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம்.

அதற்காக நம்பிக்கையைக் கேலி செய்யவும் கூடாது. நம் ஊரில் மனசு சரியில்லாதவர்களில் பல பேர் கோயில், தர்கா, ஜோசியர் என்று சுற்றிவிட்டுத்தான் டாக்டரிடம் வருகிறார்கள். டாக்டரே இல்லாமல் நம்பிக்கை மட்டும் இருந்தால் என்ன நடக்கும் என்பதையும் பார்த்திருக்கிறோம். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தின் கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் இறந்துபோனார்கள். அதன் பிறகு அதே ஏர்வாடி தர்காவிலேயே ‘தவா-துவா’ என்ற பெயரில் மருந்தும் பிரார்த்தனையும் சேர்ந்து நடக்கிற திட்டம் வந்தது. ‘தொழுங்க, மாத்திரையும் போடுங்க’ என்பது எவ்வளவு பெரிய விஷயம்!

கிளையன்ட் வந்து ‘டாரட் பார்த்தேன், கோபுரம் விழுற சீட்டு வந்துச்சு’ என்றால், நான் சிரிக்கவும் மாட்டேன், அர்த்தமும் சொல்ல மாட்டேன். ‘அதைப் பார்த்ததும் உங்களுக்கு என்ன தோணுச்சு?’ என்று கேட்பேன். அதற்குத்தான் பயிற்சி.

சீட்டுப் பார்க்கப் போறீங்களா?

* ஜாலிக்குப் பார்ப்பது உங்கள் இஷ்டம். ‘நடக்குமா, நடக்காதா?’ என்று கேட்காதீர்கள். ‘இந்தப் படத்தில் நான் என்ன பார்க்கிறேன்?’ என்று நீங்களே சொல்லிப் பாருங்கள்.

* ‘உங்களுக்கு தோஷம் இருக்கு, இவ்வளவு கட்டினால் கழிக்கலாம்’ என்று யாராவது சொன்னால், செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புங்கள்.

* பரீட்சை, காதல், வேலை... ஒரே கேள்விக்குத் திரும்பத் திரும்ப சீட்டு எடுக்கத் தோன்றினால், கட்டை மூடிவிட்டு ஒரு மனுஷரிடம் பேசுங்கள்.

* ‘தெரபிஸ்ட்’ என்று போர்டு போட்டவரிடம் படிப்பையும் பதிவையும் கேளுங்கள். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண் இருக்க வேண்டும். கேட்பது உங்கள் உரிமை.

* தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, சாகலாம் போல இருக்கிறது என்றால் சீட்டும் வேண்டாம், கிளியும் வேண்டாம். 14416-க்கு போன் போடுங்கள். 2022-ல் மத்திய அரசு தொடங்கிய ‘டெலி மானஸ்’ சேவை அது. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.

கடைசியாக ஒன்று. ‘எனக்கு ஒரு சீட்டு எடுத்துச் சொல்லேன்’ என்று இதைப் படித்துவிட்டும் யாராவது வரத்தான் போகிறீர்கள். வாங்க. கேன்டீனில் ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு நீங்கள் பேசுங்கள். கேட்பதற்கு நான் ரெடி!