கணினியும் கமக்காரரின் கொப்பியும்

வரப்பில் நின்று கதிரைக் கையில் ஏந்திப் பார்த்து, "இம்முறை ஏக்கருக்கு இத்தனை மூடை தேறும்" என்று சொல்லும் பெரியவர்களை நாம் அறிவோம். பல போகங்களைக் கண்ட அனுபவம் அது. அதே வேலையை இன்று கணினிக்குப் பழக்குகின்றனர். இதனை 'இயந்திரக் கற்றல்' என்பர்.

இது எவ்வாறு நடைபெறுகின்றது? கடந்த போகங்களின் மழை, வெப்பம், மண், நெல்லினம், கிடைத்த விளைச்சல் ஆகிய விபரங்களைக் கணினிக்குக் கொடுக்கின்றனர். இவற்றுக்கிடையிலான தொடர்பைக் கற்று, வரும் போகத்தின் விளைச்சலை அது கணிக்கின்றது. செய்மதிகளும் உதவுகின்றன. நலமான பச்சை இலை, எமது கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியைக் கூடுதலாகத் தெறிக்கச் செய்யும். வாடிய இலை குறைவாகவே தெறிக்கும். 2015இல் முதன்முதலாக ஏவப்பட்ட ஐரோப்பாவின் சென்ரினல்-2 வகைச் செய்மதிகள் இவ்வேறுபாட்டைப் படம்பிடிக்கின்றன.

ஆயினும், கொடுத்த விபரங்களுக்கு அப்பால் கணினி எதையும் அறியாது. 2021இல் எமது நாட்டில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் தடை தளர்த்தப்பட்டபோதிலும், 2021/22 பெரும்போக நெல் விளைச்சல் பெரிதும் வீழ்ந்தது. மழையையும் மண்ணையும் மட்டும் கற்ற கணினி, பசளையில்லாத போகத்தை எப்படிக் கணிக்கும்?

இடம்பெயர்ந்த எமக்கு வேறொரு இடரும் உண்டு. யுத்தத்தால் பல ஆண்டுகள் விதைக்கப்படாத வயலுக்கு அந்த ஆண்டுகளின் விளைச்சற் பதிவு இல்லை. செய்மதிப் படத்தில் அது பற்றைக்காடாகத் தெரியலாம். நன்கு விளைந்த மண் அது என்று சொல்ல, அதில் விதைத்த நாமே இருக்கின்றோம். பிற ஊர்களின் விபரங்களைக் கற்ற கணினியின் கணக்கைக் கொண்டு காப்புறுதியோ கடனோ தீர்மானிக்கப்பட்டால், பிழையின் நட்டம் எம்மையே சேரும்.

ஆகவே, வீட்டுக்கொரு கொப்பி வைப்போம். காணியின் பெயரும் அளவும், விதைத்த திகதி, நெல்லினம், இட்ட பசளை, தண்ணீர் கிடைத்த நாட்கள், வெட்டிய திகதி, மூடைகளின் எண்ணிக்கை ஆகியவற்றை எழுதுவோம். மூடை ஒன்றின் நிறையையும் குறிப்போம்; எல்லா மூடையும் ஒரே நிறையல்ல. எழுதச் சிரமப்படுவோர் பிள்ளைகளைக் கொண்டு எழுதுவிக்கலாம்.

இன்னும் காணிக்குத் திரும்பாதவர்களும் எழுதலாம். முன்பு எந்த வயலில் என்ன விளைந்தது என்பதை மூத்தவர்கள் நினைவில் வைத்திருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்வோம்.