மூஸா நபி கேட்ட துணை

ஊவா மலையில் விடியல் எப்போதும் ஏதோ ஓர் அழைப்போடுதான் வந்திருக்கிறது. ஒரு காலத்தில் தோட்டத்து லயங்களை எழுப்பியது பெரட்டுத் தப்பு. பதுளை, பசறை, வெலிமடை, பண்டாரவளை, அப்புத்தளைக் கடைவீதிகளை இன்றும் எழுப்புவது ஸுபஹ் பாங்கு. அது ஒலிக்கும்போது பள்ளத்தாக்கில் பனி கலைந்திருக்காது. ஆண்டின் சில வாரங்களில் மட்டும் பாங்குக்கு முன்பே பல வீட்டுச் சன்னல்களில் வெளிச்சம் தெரியும். அது பரீட்சைக் காலம்.

ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில், சாதாரண தரம், உயர்தரம் ஆகிய மூன்றையும் சுற்றித்தான் பிள்ளைகள் உள்ள வீடுகளின் ஆண்டு நகர்கிறது. அந்த வாரங்களில் உம்மாமார் யாஸீன் ஓதுகிறார்கள். உம்மும்மா தண்ணீரில் ஓதி ஊதிக் குடிக்கக் கொடுக்கிறார். சிலர் பேனாவை ஹஸரத்திடம் கொண்டுபோய் ஓதி வாங்குகிறார்கள். அப்படியொன்று மார்க்கத்தில் இல்லை என்பவர்களும் அதே தெருவில் இருக்கிறார்கள். பேனாவைப் பற்றிய வாதம் ஒருபுறம் இருக்கட்டும். எந்தத் தரப்பாரும் மறுக்காத சில துஆக்கள் உண்டு; குர்ஆனிலேயே இருப்பவை, ஓதப் பள்ளியில் ஆறு வயதில் மனனமாகிவிடுபவை. அவற்றை ஓதுகிறோம். அவற்றுக்கு முன்னும் பின்னும் என்ன வருகிறது என்று புரட்டிப் பார்ப்பது குறைவு. பார்த்தால், பரீட்சைக்கு எப்படித் தயாராவது என்பதையும் அவை சேர்த்தே சொல்லிவிடுவது தெரியும்.

அவசரம் வேண்டாம்

அறிவைக் கூட்டித் தரும்படி இறைவனிடம் கேட்கும் துஆ அரபியில் மூன்றே சொல். தாஹா அத்தியாயத்தின் 114ஆம் வசனம் அதில்தான் முடிகிறது. பாடப் புத்தகத்தைத் திறக்கும்போது நம் பிள்ளைகள் முணுமுணுப்பது இதைத்தான்.

அதே வசனத்தின் முற்பகுதி நபிகள் நாயகத்துக்கு (ஸல்) ஓர் அறிவுரை சொல்கிறது. வஹீ முழுமையாக இறங்கி முடியும் முன் குர்ஆனை ஓத அவசரப்பட வேண்டாம் என்பது அது. முதலில் அவசரத்தை விடச் சொல்லி, பிறகுதான் அறிவைக் கூட்டித் தரும்படி கேட்கச் சொல்கிறது வசனம்.

விடைத்தாள் திருத்திய எந்த ஆசிரியரிடமும் பேசிப் பாருங்கள். தெரியாமல் இழந்த புள்ளியைவிட, வினாவை முழுதாக வாசிக்காமல் இழந்த புள்ளிதான் அவர்களை அதிகம் நோகவைக்கிறது. ‘காரணம் கூறுக’ என்று கேட்டிருக்க வரைவிலக்கணம் எழுதி வைத்திருப்பார்கள். மூன்று சொல்லை ஓதிய பிள்ளை அதற்கு முன்னாலுள்ள வரியையும் நினைவில் வைத்திருந்தால், வினாத்தாளின் முதல் பக்கத்தில் இரண்டு நிமிடம் நின்று நிதானிப்பான். அந்த துஆ கேட்கும் முதல் அமல் அதுதான்.

பள்ளியும் பள்ளிக்கூடமும்

இஸ்லாமியத் தமிழில் தொழுமிடம் ‘பள்ளி’. படிக்குமிடம் ‘பள்ளிக்கூடம்’. குர்ஆனை ‘ஓதுகிறோம்’, பாடத்தைப் ‘படிக்கிறோம்’. சொல் பிரிந்ததும் மனமும் பிரிந்துவிட்டது. ஓதுவது மறுமைக்கு, படிப்பது உத்தியோகத்துக்கு என்று ஒரு சுவர் எழும்பிவிட்டது. ஆனால் முதலில் இறங்கிய அலக் அத்தியாயத்தின் கட்டளைச் சொல் ஓதுவதையும் வாசிப்பதையும் சேர்த்தே குறிக்கும். அதே அத்தியாயத்தின் நான்காம் வசனம் எழுதுகோலைப் பேசுகிறது. குர்ஆனின் 68ஆம் அத்தியாயத்துக்கு எழுதுகோல்தான் பெயர்.

அந்தச் சுவரை இலங்கையில் முதலில் தட்டியவர் மலையகத்துக்காரர். கண்டிச் சட்டத்தரணி எம்.சி. சித்திலெப்பை (1838–1898), 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கி, பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்புங்கள் என்று சமூகத்தோடு மல்லுக்கட்டினார். அடுத்த ஆண்டு எகிப்திலிருந்து நாடுகடத்தப்பட்டு வந்த ஒறாபி பாஷாவும் அவருக்குத் தோள்கொடுத்தார். வாப்பிச்சி மரிக்கார் போன்றவர்களும் சேர, 1892இல் கொழும்பு மருதானையில் பிறந்தது இன்றைய ஸாஹிறாக் கல்லூரி. பள்ளிவாசல் வளவிலேயே பாடசாலை எழுந்தது.

இன்றைக்கு அந்தச் சுவரில் இன்னொரு வாசலும் இருக்கிறது. சாதாரண தரத்தில் சமயம் கட்டாயப் பாடம். இஸ்லாம் கற்பிக்க ஆசிரியர் இல்லாத தோட்டப்புறப் பாடசாலையில் படிக்கும் முஸ்லிம் பிள்ளைக்கு, மாலை மத்ரஸாவில் கேட்டதே பரீட்சைக்கும் கைகொடுக்கிறது. ஓதியதும் படித்ததும் ஒரே விடைத்தாளில் வந்து சேர்கின்றன.

இருபத்தெட்டில் நிற்கும் துஆ

பரீட்சைக் காலத்தில் அதிகம் ஓதப்படுவது மூஸா நபியின் துஆ. ஃபிர்அவ்னிடம் போ என்று கட்டளை வருகிறது. மூஸா (அலை) தன் நெஞ்சை விரிவாக்கும்படியும், காரியத்தை இலேசாக்கும்படியும், தன் பேச்சை மக்கள் விளங்கிக்கொள்ளத் தன் நாவிலுள்ள முடிச்சை அவிழ்க்கும்படியும் இறைஞ்சுகிறார். தாஹா அத்தியாயத்தின் 25 முதல் 28 வரையான வசனங்கள் இவை. துஆ அட்டைகளும் சுவரொட்டிகளும் இந்த இடத்தோடு நிறுத்திவிடும்.

மூஸா நபி நிறுத்தவில்லை. இருபத்தொன்பதாம் வசனத்திலிருந்து அவர் கேட்பது ஓர் ஆளை. தன் குடும்பத்திலிருந்து ஓர் உதவியாளர் வேண்டும், தன் சகோதரர் ஹாரூன் வேண்டும், அவரைக் கொண்டு தன் முதுகைப் பலப்படுத்தித் தன் வேலையில் அவரையும் கூட்டாக்க வேண்டும் என்கிறார். முப்பத்தாறாம் வசனத்தில் பதில் வருகிறது: கேட்டது கொடுக்கப்பட்டுவிட்டது.

பரீட்சைக்குப் போகும் ஊவாப் பிள்ளைக்கு இந்த இரண்டாம் பாதிதான் அதிகம் தேவை என்பது என் எண்ணம். நெஞ்சு விரிந்தாலும் லயக் காம்பரா விரிவதில்லை. ஒரே அறையில் அடுப்பும் படுக்கையும் தொலைக்காட்சியும் இருக்க, மூலையில் புத்தகத்தை விரிக்கிறது பிள்ளை. வாப்பா டவுன் கடையில் நிற்கிறார், அல்லது கொழும்பில். சந்தேகம் கேட்க வீட்டில் யாரும் சாதாரண தரம் கடந்திருக்க மாட்டார்கள். இந்தப் பிள்ளைக்கு நாவின் முடிச்சைவிட, திரிகோண கணிதத்தின் முடிச்சை அவிழ்க்க உட்காரும் ஒரு நானாவோ தாத்தாவோ (அக்காவை நாங்கள் இப்படித்தான் அழைக்கிறோம்) பெரிய அருள்.

ஹாரூன் ஒரே மார்க்கத்தில்தான் கிடைப்பார் என்பதும் இல்லை. தோட்டங்களில் முஸ்லிம் குடும்பங்கள் கொஞ்சம்தான்; அடுத்த காம்பராவில் இருப்பவர்கள் பெரும்பாலும் சைவர்கள். அந்த வீட்டு அண்ணன் சரஸ்வதி படத்தின் முன் புத்தகம் வைத்துக் கும்பிடுவான், இந்த வீட்டுத் தம்பி வுழூ செய்துவிட்டு வந்து உட்காருவான். நடுவில் கிடப்பது ஒரே கடந்தகால வினாத்தாள்.

ஹாரூனின் வேலையைச் சிலர் சமூகத்துக்காகச் செய்திருக்கிறார்கள். யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பிறந்து, இலங்கை சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிமான ஏ.எம்.ஏ. அஸீஸ், வறிய மாணவரின் உயர்கல்விக்காக 1945இல் முஸ்லிம் கல்விச் சகாய நிதியை உருவாக்கினார். மூன்று ஆண்டுகள் கழித்து ஸாஹிறாவின் அதிபரானார். அரசின் பல்கலைக்கழக அனுமதி முறையிலும் ஒரு கைத்தாங்கல் உண்டு. இடங்களில் 40 வீதம் நாடளாவிய திறமைக்கும், 55 வீதம் மாவட்டங்களுக்கும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் போகின்றன. அந்தப் பட்டியலில் பதுளையும் மொனராகலையும் இருக்கின்றன. பதுளையிலேயே 2005இல் ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் வந்தது. வாசல் கிட்ட வந்துவிட்டது. வாசல் வரை நடக்கவைக்கும் ஆள்தான் இன்னும் போதவில்லை.

கதிர்காமத்து ஆசான்

ஊவாவிலேயே மூஸா நபியின் இன்னொரு கதைக்கு ஓர் அடையாளம் இருக்கிறது. மொனராகலை மாவட்டத்துக் கதிர்காமத்தில் முருகன் கோயில் வளவை ஒட்டிப் பள்ளிவாசல். அந்த இடத்தை ஹிள்ரு (அலை) அவர்களோடு சேர்த்துப் பேசுவது முஸ்லிம்களின் நெடுங்கால மரபு.

கஹ்ஃபு அத்தியாயத்தில், 60 முதல் 82 வரையான வசனங்களில், மூஸா நபி ஒரு மாணவராகிறார். தனக்குத் தெரியாததை அறிந்த ஓர் அடியார் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, ஓர் இளைஞரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு புறப்படுகிறார். இங்கும் தனியாகப் போகவில்லை, பாருங்கள். அந்த அடியாரின் பெயரைக் குர்ஆன் சொல்வதில்லை. ஹிள்ரு என்று ஹதீஸ் சொல்கிறது. உன்னால் பொறுமையாக இருக்க முடியாது என்று ஆசான் முதலிலேயே எச்சரிக்கிறார். படகைச் சேதப்படுத்துகிறார், சிறுவனைக் கொல்கிறார், உணவு தர மறுத்த ஊரில் கூலி வாங்காமல் சுவரைச் செப்பனிடுகிறார். மூன்று முறையும் மாணவருக்குப் பொறுமை போய்விடுகிறது. நபியே பொறுமையில் தவறிய பாடம் இது. ஒரு மாதப் பயிற்சிப் பரீட்சையில் குறைந்த புள்ளியைப் பார்த்துக் குப்புறப் படுத்துவிடும் பிள்ளைக்கு இதைச் சொல்லலாம்.

அந்தச் சுவரின் அடியில் இரண்டு அநாதைகளின் புதையல் இருந்தது. அவர்கள் பெரியவர்களாகும் வரை அது பத்திரமாக இருக்கட்டும் என்றே ஆசான் சுவரைக் கட்டினார். சனி, ஞாயிறில் பள்ளிவாசல் மண்டபத்தில் காசு வாங்காமல் கணிதம் சொல்லிக்கொடுக்கும் பட்டதாரிப் பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்கு அந்தச் சுவர் நினைவுக்கு வரும்.

நோன்பும் புயலும்

சில ஆண்டுகளில் பரீட்சை வேறு சோதனைகளோடு சேர்ந்து வருகிறது. 2024ஆம் ஆண்டுக்குரிய சாதாரண தரப் பரீட்சை 2025 மார்ச் 17 முதல் 26 வரை, முழுக்க ரமழான் மாதத்தில் நடந்தது. நோன்போடு மூன்று மணிநேரம் எழுதுவது எப்படி? நபிவழியிலேயே விடை இருக்கிறது. ஸஹர் உணவில் பரகத் இருக்கிறது என்றார்கள் நபிகள் (ஸல்). அதைப் பிற்படுத்தி உண்ணவும், நோன்பு திறப்பதைத் தாமதிக்காமல் இருக்கவும் சொன்னார்கள். இரவு பத்துக்குப் படுத்து, ஸஹருக்கு எழுந்து, ஸுபஹ் தொழுதுவிட்டுப் படிக்கும் பிள்ளைக்கு மண்டபத்தில் தலை தெளிவாக இருக்கும். விடிய விடிய விழித்துப் படித்துவிட்டு ஸஹரைத் தவறவிட்ட பிள்ளைதான் பத்து மணிக்குத் தள்ளாடும். நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. அதைப் பக்கத்து மௌலவியிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

அதே 2025இல் இன்னொரு சோதனை. நவம்பர் 10ஆம் திகதி தொடங்கிய உயர்தரப் பரீட்சை, மாத இறுதியில் ‘திட்வா’ புயலால் பாதியில் நின்றது. பதுளை மிக மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் ஒன்று. மண்சரிவில் வீடுகளும் பாதைகளும் போயின. மிச்சப் பாடங்கள் 2026 ஜனவரிக்குத் தள்ளிப்போயின. வடகீழ்ப் பருவ மழைக் காலத்தில் மலைச்சரிவைப் பற்றிய பயம் இங்கே புதிதல்ல. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் புதைந்ததை யாரும் மறக்கவில்லை. மழை அளவுமீறியபோது, அது எங்களைச் சுற்றிப் பெய்யட்டும், எங்கள் மேல் வேண்டாம் என்ற கருத்தில் நபிகள் (ஸல்) கேட்ட துஆ ஒன்று உண்டு. அந்த நவம்பரில் ஊவாவில் அதை ஓதிய பிள்ளைகளின் கையில் பரீட்சை அனுமதி அட்டையும் இருந்தது.

ஒட்டகத்தைக் கட்டும் வேலைகள்

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வை நம்பு என்ற நபிமொழியை ஜும்ஆவில் கேட்காதவர் இல்லை. பரீட்சையில் எதைக் கட்டுவது? அடையாள அட்டைக்கு நேரத்தோடு விண்ணப்பிப்பது ஒன்று. பிறப்புச் சான்றிதழ் சிக்கலால் தோட்டப் பிள்ளைகள் கடைசி வாரத்தில் அலைவதைப் பார்த்திருக்கிறோம். சுட்டெண்ணைச் சரிபார்ப்பது, முதல் பஸ் வராவிட்டால் எதில் போவது என்று தீர்மானிப்பது. மாணவிகள் காது தெரியும்படி முந்தானையைச் சரிசெய்து காட்டத் தயாராக இருப்பதும் அதில் சேரும். 2024இல் திருகோணமலையில் 70 மாணவிகளின் உயர்தரப் பெறுபேறுகள் காது மறைந்திருந்த காரணத்தால் நிறுத்திவைக்கப்பட்டு, பின்னர்தான் வெளிவந்தன. மண்டபத்துக்கு முன்பே பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டிய விடயம் அது.

கட்டிய பிறகு நம்புவது. இரவில் பகரா அத்தியாயத்தின் கடைசி இரண்டு வசனங்களை ஓதிவிட்டுப் படுக்கலாம். எந்த ஆன்மாவின் மீதும் அதன் சக்திக்கு மேல் சுமத்தப்படுவதில்லை என்ற ஆறுதல் அங்கேதான் இருக்கிறது. மண்டபத்தில் கடினமான வினா வந்தால், அல்லாஹ் இலேசாக்கியதைத் தவிர வேறெதுவும் இலேசில்லை என்ற பொருளில் அனஸ் (ரழி) அறிவித்த துஆ இருக்கிறது. உயர்தரத்தில் எந்தத் துறை என்று தடுமாறினால் இஸ்திகாரா தொழலாம். ஆனால் விசாரிக்க வேண்டியவர்களிடம் விசாரித்த பிறகு.

பரீட்சை மண்டபத்துக்குள் ஹாரூனுக்கு அனுமதி இல்லை. அங்கே ஒவ்வொரு பிள்ளையும் தனி. கடைசி மணி அடித்து வெளியே வந்ததும், நம் பிள்ளைகள் செய்யவேண்டிய வேலை ஒன்று மீதி இருக்கிறது. கிறுக்கியும் திருத்தியும் வைத்த அந்தக் கடந்தகால வினாத்தாள் கட்டை அடுத்த காம்பராவில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, சந்தேகம் வந்தால் கூப்பிடு என்று சொல்லிவிட்டு வருவது. அடுத்த வருடம் பாங்குக்கு முன் வெளிச்சம் தெரியப்போவது அந்தச் சன்னலில்.