நரம்பை அழைத்துச் செல்லும் புரதம்

பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து அன்பர் ஒருவர் எழுதியிருக்கிறார். தம் மகன் வலக்கையால் எழுதும்போதெல்லாம் இடக்கை விரல்களும் கூடவே அசைகின்றனவாம். பள்ளிக்கூடத்தில் அதைக் குறும்பென்று அடிக்கிறார்களாம்.

மூளையின் இடப்பாதி வலக்கையை ஆள்வது யாவரும் அறிந்ததே. ஆனால் அந்த ஆணையைச் சுமக்கும் நரம்பிழை, கர்ப்பத்தில் சிசு உருவாகும் காலத்தில், நடுக்கோட்டைத் தாண்டி மறுபுறம் செல்லவேண்டுமென்பதை எவ்விதம் அறிகிறது? வளரும் இழையின் நுனியில், நீண்டும் சுருங்கியும் துழாவுகின்ற சூட்சுமமான கூம்பொன்று இருப்பதை 1890-இல் ஸ்பெயின் தேசத்து ரமோன் இ கஹால் கண்டார். ஏதோவொரு இரசாயனம் அதை ஈர்க்கக்கூடுமென்றும் பின்னர் ஊகித்தார். மூடுபனி இறங்கிய அந்தியில், எதிரே வருபவர் முகமும் தெரியாத வேளையில், ஸ்டோரில் தேயிலை காயும் மணம் எப்பக்கம் மிகுகிறதோ அப்பக்கமே அடியெடுத்து வைத்து நான் லயம் வந்து சேர்ந்ததுண்டு; நரம்பு நுனியின் பிரயாணமும் அத்தகையதே.

அந்த இரசாயனம் கையில் அகப்பட நூறாண்டுக்கு மேலாயிற்று. 1994-இல் அமெரிக்காவில் மார்க் டெசியே-லவீன் குழுவினர், ஏறத்தாழ 25,000 கோழிக்கருக்களின் மூளைகளிலிருந்து நெட்ரின் என்னும் புரதத்தைப் பிரித்தெடுத்தனர். நடுக்கோட்டில் சுரக்கும் அதனை, இழை நுனியிலுள்ள டிசிசி என்னும் மற்றொரு புரதம் உணர்ந்து பற்றுகிறது; கடந்துபோன இழை திரும்பி வராதபடி ஸ்லிட் என்னும் வேறொன்று விலக்கித் தள்ளுகிறது. டிசிசியின் மரபணு 1990-இல் முதன்முதல் தெரியவந்ததோ, பெருங்குடற் புற்றுநோய்க் கட்டிகளில் காணாமற்போன ஒன்றாகத்தான்!

என்னை மிகவும் கவர்ந்த விசித்திரம் 2010-இல் வெளிவந்தது. பரம்பரையாகவே இரு கைகளும் சேர்ந்தசையும் குடும்பங்களில் இந்த டிசிசி மரபணுவின் ஒரு பிரதி பழுதுற்றிருப்பதை மொன்றியல் ஆய்வாளர்கள் கண்டனர். நரம்பிழைகளிற் சில கடவாமல் நின்றுவிடுவதால், ஒரு கைக்கு இட்ட கட்டளை மறு கைக்கும் போய்விடுகிறது. நம் பெண்கள் கொழுந்தெடுக்கையில் வலக்கை ஒரு கொப்பிலும் இடக்கை வேறொரு கொப்பிலும் தனித்தனியே ஓடுகின்றனவே, அந்தச் சாதாரணக் காரியம் இவர்களுக்குப் பெரும் பிரயாசை.

கடிதத்தைக்கொண்டு வியாதியை நிர்ணயிக்க நான் வைத்தியனல்லன். ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளைகளிடம் இவ்வசைவு சிறிதளவு காண்பது இயல்பே. அதன்பின்னும் மிகுந்து நின்றால் கண்டி தேசிய வைத்தியசாலையில் நரம்பியல் வைத்தியரிடம் காட்டலாம். பிரம்பால் எந்த நரம்பும் பாதை மாறியதில்லை என்பதை ஆசிரியர்கள் தயைகூர்ந்து உணரவேண்டும். இதைத் தீர்க்கும் மருந்து இன்றுவரை இல்லை. புத்திக்கு இதனாற் குறைவு வருவதும் அபூர்வமே. நெடுநேரம் எழுதினால் கை நோகுமாதலால், பரீட்சையில் கூடுதல் நேரம் தரும்படி தகப்பனார் இப்போதே எழுதிக் கேட்பது நல்லது.