அமெரிக்கர்கள் விரும்பும் சுழல் துப்பாக்கிகள்

சுழல் துப்பாக்கி அல்லது ரிவால்வர் என்பது, தோட்டாக்களைச் சுழலும் உருளை ஒன்றின் அறைகளில் வைத்து ஒன்றன்பின் ஒன்றாகச் சுடும் கைத்துப்பாக்கி ஆகும். அமெரிக்கரான சாமுவேல் கோல்ட் 1836இல் இதற்கு அந்நாட்டில் காப்புரிமை பெற்றார். அதிகத் தோட்டாக்களைக் கொள்ளும் அரைத்தானியங்கிக் கைத்துப்பாக்கிகள் பெருகிய பின்னரும், ஐக்கிய அமெரிக்காவில் துப்பாக்கி வைத்திருப்போர் பலர் இதனை விரும்பி வாங்குகின்றனர்.

இயங்கும் முறை

உருளையில் பெரும்பாலும் 5 அல்லது 6 அறைகள் இருக்கும். ஒற்றைச் செயல் வகையில், ஒவ்வொரு முறையும் சுத்தியலைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்த பிறகே விசையை அழுத்த வேண்டும். இரட்டைச் செயல் வகையில், விசையை அழுத்தினாலே உருளை சுழன்று, சுத்தியல் பின்சென்று அடிக்கும். இதற்குக் கூடுதல் விரல் வலிமை தேவை.

விரும்பப்படுவதற்கான காரணங்கள்

முதற்காரணம் எளிமை. ஒரு தோட்டா வெடிக்காவிட்டால், இரட்டைச் செயல் வகையில் மீண்டும் விசையை அழுத்தினால் போதும்; அடுத்த தோட்டா முன்வந்துவிடும். அரைத்தானியங்கியில் அந்தத் தோட்டாவைக் கையால் வெளியேற்ற வேண்டும்.

இரண்டாவது, தோட்டாக்களில் உள்ள நெகிழ்வு. .357 மேக்னம் துப்பாக்கியில், அதைவிட வலிமை குறைந்த .38 ஸ்பெஷல் தோட்டாவையும் சுடலாம். ஆகவே குறைந்த அதிர்வுடனும் குறைந்த செலவிலும் பயிற்சி பெற முடிகிறது. இதை மாற்றிச் செய்ய இயலாது. மேக்னம் தோட்டாவின் கூடு ஏறத்தாழ 3 மி.மீ. கூடுதல் நீளமானது; .38 துப்பாக்கியின் அறைக்குள் முழுமையாக நுழையாது.

மூன்றாவது, வெற்றுக் கூடுகள் சிதறாமல் உருளையிலேயே தங்குவது. கூடுகளில் மீண்டும் மருந்து நிரப்பிப் பயன்படுத்துவோருக்கு இது வசதி.

புகழ்பெற்ற சில வகைகள்

கோல்ட் சிங்கிள் ஆக்சன் ஆர்மி: 1873இல் அமெரிக்கப் படை ஏற்றுக்கொண்டது. கௌபாய் திரைப்படங்களால் உலகெங்கும் அறியப்பட்டது. வரலாற்று ஆர்வமே இதை வாங்கத் தூண்டுகிறது.

ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 10: 1899இல் தோன்றிய இவ்வகை 60 இலட்சத்துக்கும் மேல் தயாரிக்கப்பட்டது. பல பத்தாண்டுகள் காவலர்களின் இடுப்பில் இருந்தது. உறுதிக்காக விரும்பப்படுகிறது.

ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 36: 1950இல் வந்த 5 தோட்டாச் சிறு துப்பாக்கி. எடை சுமார் 550 கிராம் என்பதால் மறைத்து எடுத்துச் செல்வோர் விரும்பினர்.

கோல்ட் பைத்தான்: 1955இல் அறிமுகமானது. விசையின் மென்மையும் நீல மெருகும் இதன் சிறப்பு. தயாரிப்பு நின்றபின் பழையவற்றின் விலை ஏறியது. 2020இல் மறுவடிவம் வெளிவந்தது.

ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 29: .44 மேக்னம் தோட்டாவைச் சுடுவது. 1971இல் வெளியான 'டர்ட்டி ஹாரி' திரைப்படத்தில் கிளிண்ட் ஈஸ்ட்வுட் ஏந்தியதால் புகழ் பெற்றது.

குறைபாடுகள்

தோட்டாக்கள் குறைவு, மீண்டும் நிரப்ப நேரமும் இரு கைகளும் தேவை. 1986 ஏப்ரல் 11இல் மயாமியில் இரு கொள்ளையருடன் நடந்த மோதலில் எஃப்.பி.ஐ. முகவர்கள் இருவர் உயிரிழந்தனர். முகவர்களில் பெரும்பாலோர் சுழல் துப்பாக்கியே வைத்திருந்தனர். கையில் காயம்பட்டவரால் அதை எளிதில் நிரப்ப முடியவில்லை. இதன்பின் அவ்வமைப்பு அரைத்தானியங்கிகளுக்கு மாறியது. மேலும், சுடும்போது உருளைக்கும் குழலுக்கும் இடையிலுள்ள சிறு இடைவெளி வழியாகச் சூடான வாயு பீறிடும். அவ்விடத்தில் விரல் இருந்தால் கடுமையான காயம் ஏற்படும்.

எளிமையும் ஆபத்தும்

பழைய ஒற்றைச் செயல் வகைகளில் சுத்தியலின் முனை தோட்டாவின் மீதே படிந்திருக்கும். கீழே விழுந்தால் வெடிக்கக்கூடும். எனவே 6 அறைகளில் 5ஐ மட்டும் நிரப்பி, சுத்தியலுக்கு நேரான அறையைக் காலியாக விடுவது வழக்கமாயிற்று. ரூகர் நிறுவனம் 1973இல், விசையை அழுத்தினாலன்றிச் சுத்தியலின் அடி தோட்டாவைச் சென்றடையாத அமைப்பைத் தன் ஒற்றைச் செயல் துப்பாக்கிகளில் சேர்த்தது.

ஆனால் எந்த அமைப்பும் அறியாமையைத் தடுக்காது. சுத்தியலுக்கு நேரான அறை காலியாக இருப்பதைக் கண்டு, துப்பாக்கி பாதுகாப்பானது என்று சிலர் எண்ணிவிடுகின்றனர். விசையை அழுத்தும்போது உருளை முதலில் சுழல்கிறது. வெடிப்பது அடுத்த அறையில் உள்ள தோட்டா. எனவே உருளையைத் திறந்து எல்லா அறைகளையும் பார்க்க வேண்டும். பல வகைகளில், கையால் இயக்கும் பாதுகாப்புப் பூட்டும் கிடையாது. விசையை அழுத்தினால் சுடும் என்ற அந்த எளிமை, அதைக் கையில் எடுக்கும் குழந்தைக்கும் பொருந்தும். இதனாலேயே தோட்டாக்களை அகற்றித் தனியே வைத்து, துப்பாக்கியைப் பூட்டி வைக்குமாறு பயிற்சியாளர்கள் வலியுறுத்துகின்றனர்.