கிச்சன் இடம் மாறுதா? டைல்ஸுக்கு முன்னாடி தண்ணீர் லைனை யோசிங்க!

வீட்டை நீட்டிக் கட்டும்போது கிச்சன்தான் முதலில் இடம் மாறும். மாடுலர் கலர், கிரானைட், சிம்னி எல்லாவற்றுக்கும் வாரக்கணக்கில் பேச்சு நடக்கும். தண்ணீர் பைப் மட்டும் 'பிளம்பர் பார்த்துப்பார்' கணக்கில் போய்விடும். புது சிங்க்கில் குழாயைத் திறந்தால் நூல் மாதிரி தண்ணீர் வரும்போதுதான் விஷயம் புரியும். அதற்குள் டைல்ஸ் ஒட்டி முடிந்திருக்கும்.

பல்லாவரம் - துரைப்பாக்கம் ரேடியல் சாலையை ஒட்டிய கோவிலம்பாக்கம் மாதிரி இடங்களில் இது இன்னும் சிக்கல். பல வீடுகளில் போர் தண்ணீர், லாரி தண்ணீர், கேன் தண்ணீர் என மூணு விதம் புழங்குகிறது. கிச்சனை மாற்றுவது என்றால், எந்தத் தண்ணீர் எந்தக் குழாயில் வரணும் என்பதையும் சேர்த்தே முடிவு செய்யணும்.

டேங்க் நகராது, கிச்சன்தான் நகருது

மொட்டை மாடி டேங்கில் இருந்து வரும் தண்ணீருக்கு உயரம்தான் பலம். 10 மீட்டர் உயரத்துக்குச் சுமார் 1 பார் அழுத்தம் கிடைக்கும். ஒரு மாடி வீடு, ஒவ்வொரு தளமும் 3 மீட்டர், டேங்க் மொட்டை மாடியில் 1 மீட்டர் மேடையில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். தரைத்தளத்தில் தரையிலிருந்து 1 மீட்டர் உயரத்தில் உள்ள குழாய்க்கு 6 மீட்டர் உயர அழுத்தம், அதாவது 0.6 பார். அதே கிச்சனை முதல் தளத்துக்குக் கொண்டுபோனால் 0.3 பார்தான். பாதி போச்சு!

தரைத்தளத்திலேயே பின்பக்கம் நகர்த்தினாலும் பைப் நீளும், எல்போக்கள் கூடும், அழுத்தம் குறையும். இங்கே பல பேர் செய்வது, பழைய கிச்சனின் அரை இன்ச் லைனை அப்படியே நீட்டுவது. அது வேண்டாம். டேங்கில் இருந்து முக்கால் இன்ச் அல்லது ஒரு இன்ச்சில் தனி லைன் கொண்டுவந்து, சிங்க் பக்கத்தில் மட்டும் அரை இன்ச் ஆக்கலாம். அரையை விட முக்கால் இன்ச் பைப்பில் தண்ணீர் போகும் இடம் இரண்டு மடங்குக்கும் மேல்.

இன்னொன்று: மொட்டை மாடியில் பைப்பை எங்காவது மேலே ஏற்றி இறக்கினால், அந்த மேட்டில் காற்று அடைத்துக்கொள்ளும். டேங்க் நிறைய தண்ணீர் இருந்தும் குழாய் 'புஸ் புஸ்' என்று துப்பும். லைன் டேங்கில் இருந்து ஒரே சீராக இறங்கணும். டேங்கில் நிறையும் மட்டத்துக்கு மேலே போகும் ஏர் பைப் ஒன்றும் வைத்துவிட்டால் நிம்மதி.

சிங்க்குக்கு ரெண்டு லைன்

பாத்திரத்துக்குப் போர் தண்ணீர், சமையலுக்கு நல்ல தண்ணீர் என்றால் பைப்பும் ரெண்டாகத்தான் இருக்கணும். ஒரே லைனில் ரெண்டு வால்வு வைத்து மாற்றிக்கொள்ளும் 'ஐடியா' ஆபத்தானது. ஒரு வால்வு கசிந்தாலே உப்புத் தண்ணீர் நல்ல தண்ணீர் பக்கம் போய்விடும். சம்ப்பும் டேங்க்கும் பொதுவாக இருந்தால் ரெண்டு பைப் போட்டும் பிரயோஜனம் இல்லை. நல்ல தண்ணீருக்கு 500 லிட்டரில் தனி டேங்க் வைக்கலாம்.

குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 10500. கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியே இல்லையென்றால் 2,000 வரை என்கிறது அது. போர் தண்ணீரை ஒருமுறை டெஸ்ட் செய்துவிட்டு ஆர்.ஓ. வாங்குவதா என்று முடிவு செய்யலாம். ஆர்.ஓ. வைத்தால் அது கழிக்கும் தண்ணீருக்கும் இப்போதே ஒரு பைப் விடுங்க. சென்னையின் ஏரிகள் வறண்ட 2019 ஜூனில், ஐ.டி. ஊழியர்களை வீட்டில் இருந்தே வேலை பார்க்கச் சொன்ன நிறுவனங்கள் உண்டு. அந்தக் கோடையைப் பார்த்தவர்களுக்குக் கழிவுத் தண்ணீரின் மதிப்பு தெரியும்.

தெருவுக்குப் பைப் குடிநீர் இன்னும் வரவில்லையா? வாசலில் இருந்து கிச்சன் வரை காலி பைப் ஒன்றைப் புதைத்து, ரெண்டு முனையிலும் மூடி போட்டு வைங்க. செலவு கொஞ்சம்தான். பின்னாடி தரையை உடைக்கும் கூலியோடு ஒப்பிட்டால் ஒண்ணுமே இல்லை.

வெந்நீர், கழிவு, பழைய லைன்

சிங்க்குக்கு வெந்நீர் வேண்டும் என்றால் அந்த லைன் சி.பி.வி.சி.யாக இருக்கணும். 93 டிகிரி வரை தாங்கும். வெள்ளை நிற யு.பி.வி.சி. பச்சைத் தண்ணீருக்கு மட்டும்.

தண்ணீர் வருவதை விட, போவதுதான் கிச்சன் எங்கே வரும் என்பதைத் தீர்மானிக்கும். கழிவு பைப் மீட்டருக்குச் சுமார் 2 சென்டிமீட்டர் சரியணும். 7 மீட்டர் தள்ளிப் போனால் 14 சென்டிமீட்டர் இறக்கம். தரைக்கு அடியில் அந்த ஆழம் இருக்கிறதா என்று கான்கிரீட் போடும் முன்பே பாருங்க. செப்டிக் டேங்க் மூடி மேல் கிச்சன் வராமலும் பார்த்துக்கணும். பக்கவாட்டு காலி இடத்தில் நீட்டுகிறவர்கள், அனுமதி விஷயத்தை 2019-ம் ஆண்டு ஒருங்கிணைந்த கட்டட விதிகளோடு சரிபார்ப்பது தனிக் கதை.

பழைய கிச்சன் லைனைச் சுவர் ஓரம் மட்டும் அடைத்தால், உள்ளே தண்ணீர் தேங்கி நாறும். மெயின் லைனில் இருந்து பிரியும் இடத்திலேயே வெட்டி மூடச் சொல்லுங்க.

பூச்சு வேலைக்கு முன் லைனில் தண்ணீர் ஏற்றி, கைபம்ப் வைத்து அழுத்தச் சோதனை செய்யச் சொல்லலாம். முள் இறங்காவிட்டால் கசிவு இல்லை. அப்படியே சுவரில் அளவு டேப்பைப் பிடித்து பைப் போகும் பாதையை போனில் போட்டோ எடுத்து வைங்க. நாளைக்கு அலமாரி மாட்ட டிரில் போடுகிறவர் அதைத்தான் கேட்பார்.