சாயத் தண்ணீர் கற்பித்த சொல்

வீடு கட்டப் போகிறவர் காதில் இப்போது புதுப் புதுச் சொற்கள் விழுகின்றன. 'மழைநீர் சேகரிப்பு', 'சாம்பல் நீர்', 'பூஜ்யக் கழிவுநீர்' என்று என்ஜினீயர் அடுக்குகிறார். கடைசிச் சொல்லின் பொருளைப் பனியன் நகரமாம் திருப்பூரைக் கேட்டால் தெரியும்!

வெள்ளியங்கிரி மலையில் பிறந்த நொய்யல், திருப்பூரைத் தாண்டும்போது சாயம் பூசிக்கொண்டது. பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயக் கழிவு தேங்கியது. உழவர்கள் வழக்காடினார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய, சலவைப் பட்டறைகளை மூடச் சொல்லிற்று. சாயம் இல்லாமல் பனியன் ஏது? ஊரே திகைத்தது.

விமோசனம் அந்தச் சொல்லிலேயே இருந்தது. கழிவுநீரை நுண்ணுயிர்களைக் கொண்டு சுத்தம் செய்கிறார்கள். பிறகு மெல்லிய சவ்வு வழியே அழுத்தி நல்ல நீரைப் பிரிக்கிறார்கள். எஞ்சிய உப்பு நீரைக் காய்ச்சி உப்பை எடுக்கிறார்கள். நீரும் உப்பும் மறுபடி சாயத் தொட்டிக்கே போகின்றன. ஆற்றுக்கு ஒரு சொட்டும் விடக்கூடாது என்பதே விதி. செலவு அதிகந்தான், ஆனால் வேறு வழியில்லை.

வீட்டுக்கும் இதே நியாயந்தான். குளித்த நீர், துணி துவைத்த நீர் இவையே 'சாம்பல் நீர்'. அதை வாழைக்குப் பாய்ச்சியவர்கள் நம் பாட்டிமார் அல்லவா? மழைநீர் சேகரிப்பைத் தமிழ்நாட்டில் 2003-லேயே கட்டாயமாக்கிவிட்டார்கள். உங்கள் வீட்டு மாடியிலிருந்து குழாய் இறங்குகிறது, சரி. அது சேரும் குழி தூர்ந்து கிடக்கிறதா, பார்த்தீர்களா?

சொல் பிளானில் இருந்தால் போதாது. அஸ்திவாரம் போடும் அன்றே குழாயாகவும் குழியாகவும் மண்ணில் இறங்க வேண்டும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றால் என்ன ஆகும் என்பதைத் திருப்பூர் அறியும்!